மேல்காற்றுக்கு ஒரு புள்ளி

ஏர் நேவிகேஷன், அதாவது விமானத்துக்கு வழி கணிக்கும் பாடத்தின் தேர்வில் முதல் முறை எனக்குக் கிடைத்தது 62 மதிப்பெண். தேர்ச்சிக்கு 70 வேண்டும். வணிக விமானி உரிமத்துக்காக இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில் வானிலை, விதிமுறைகள் இரண்டையும் அதற்கு முன்பே முடித்திருந்தேன். நேவிகேஷன் மட்டும் நின்றுபோனது. அடுத்த தேர்வுக்கு நாள் இருந்ததால், பயிற்சிக்குப் போயிருந்த வெளிமாநிலத்திலிருந்து ஊருக்கு வந்துவிட்டேன். மேலூருக்கும் அழகர்கோவிலுக்கும் இடையில், பெரியாறு வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் சிறிய ஊர் எங்களுடையது. நான் வந்து இறங்கிய மாதம் ஆடி. மொட்டைமாடியில் வரைபடத்தை விரித்தால் நான்கு மூலைக்கும் நான்கு செங்கல் வைக்க வேண்டியிருந்தது. காற்றைப் பற்றிய கணக்கில்தான் தோற்றிருந்தேன். அந்தக் கணக்கைப் போட உட்கார்ந்த இடத்திலும் காற்று விடவில்லை.

கையில் இருந்தது ஒரு பிளைட் கம்ப்யூட்டர். பெயரில்தான் கம்ப்யூட்டர், பேட்டரி இல்லை, திரை இல்லை, பொத்தான் இல்லை. ஒரு வட்டத்தட்டு, அதன் நடுவில் நழுவும் நீளமான ஒரு சட்டம். அவ்வளவுதான். ஒரு பக்கம் வட்ட வடிவ ஸ்லைடு ரூல். நேரம், தூரம், எரிபொருள் எல்லாம் அதில் வரும். மறுபக்கம்தான் காற்றுக்கு. அங்கே தட்டு கண்ணாடிபோல் இருக்கும், விளிம்பில் 360 டிகிரியும் பொறித்திருக்கும், விரலால் சுற்றலாம். நட்டநடுவில் ஒரு சிறு துளை. தட்டுக்கு அடியில் நழுவும் சட்டத்தில் வளைகோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வேகத்தைக் காட்டும். கீழிருந்து விசிறிபோல் விரியும் கோடுகள் விலகலை டிகிரியில் காட்டும். என்னுடையது சீனியர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. அவர் வைத்த பென்சில் புள்ளிகளின் தடம் தட்டில் மங்கலாகத் தெரியும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுத்துளையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூறு கீறல்கள். அவர் பயின்ற நாட்களின் காற்றெல்லாம் அதில் படிந்து கிடப்பதாக எனக்குத் தோன்றும்.

இந்த வடிவத்தை 1930-களில் உருவாக்கியவர் ஃபிலிப் டால்டன். அமெரிக்கக் கடற்படையின் ரிசர்வ் விமானி. அமெரிக்க ராணுவம் இதற்கு வைத்த பெயர் ஈ-சிக்ஸ்-பி. உலகப் போர் வந்ததும் லட்சக்கணக்கில் செய்து குவித்தார்கள். டால்டன் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1941-இல் ஒரு மாணவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது விமானம் விழுந்து இறந்துபோனார். பிரிட்டிஷ் விமானப் படையும் டால்டனின் வட்டத்தட்டைப் பயன்படுத்தியது. நம் மதுரை விமான நிலையமே அந்தப் போர்க்காலத்தில் அவர்கள் பயன்படுத்திய களம்தான். அவனியாபுரம் தாண்டி அந்த ஓடுதளத்தை ஒட்டிப் போகும்போதெல்லாம், அங்கே வந்து இறங்கிய நேவிகேட்டர்களின் மடியிலும் இப்படி ஒரு தட்டு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கணக்குக்குள் போகும் முன், விமானத்தில் காற்று என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பலரும் தவறாக நினைப்பது இங்கேதான்.

என் அப்பா வைக்கோல் லாரி ஓட்டியவர். மேலூர்ப் பக்கம் பாரம் ஏற்றிக்கொண்டு, நாகர்கோவில் வழியாகக் கேரளாவுக்குப் போவார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. லாரியின் அகலத்தைத் தாண்டிப் பிதுங்கி நிற்கும் வைக்கோல் பாரம் மொத்தக் காற்றையும் வாங்கும். வண்டி ஒரு பக்கம் சாயும். அப்பா ஸ்டீயரிங்கைக் காற்று வரும் பக்கம் கொஞ்சம் பிடித்தபடியே ஓட்டுவார். இரண்டு மணி நேரம் அப்படிப் பிடித்தால் தோள்பட்டை கடுக்கும் என்பார். ஆகவே விமானமும் அப்படித்தான், விமானி காற்றை எதிர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டே போகிறாள் என்று அவர் நம்பியிருந்தார்.

அப்படி இல்லை. லாரிக்குத் தரையைப் பிடிக்கச் சக்கரம் உண்டு. காற்று தள்ளும், சக்கரம் மறுக்கும். அந்த இழுபறிதான் அப்பாவின் தோளில் வலித்தது. விமானம் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அதற்குப் பிடிமானம் எதுவும் இல்லை. அது காற்றுக்குள் இருக்கிறது. காற்று எங்கே போகிறதோ அதுவும் கூடவே போகிறது. சீராக வீசும் காற்றாக இருந்தால், பக்கத்திலிருந்து எதுவும் தள்ளுவதுபோல் உள்ளே உணரவே முடியாது. இறக்கை மட்டமாக இருக்கும், கையில் எந்த இழுப்பும் இருக்காது. கீழே பார்த்தால்தான் தெரியும், ஊர்கள் சாய்வாக நகர்ந்துகொண்டிருப்பது.

இதற்கு லாரியைவிட வாய்க்கால் நெருக்கமான உதாரணம். பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் மாமா எங்களை நீந்தக் கூட்டிப் போவார். எதிர்க்கரையில் ஒரு படித்துறை. அதை நோக்கி நீந்தினால் எவனும் படித்துறையில் ஏற மாட்டான். நாற்பது ஐம்பது அடி கீழே போய் முள்ளைப் பிடித்து ஏறுவான். மாமா சொல்வார், "படியைப் பார்க்காதே. புளியமரத்தைப் பார்த்து நீந்து." புளியமரம் படித்துறைக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம். புளியமரத்தைப் பார்த்தபடி நீந்தினால் உடம்பு படித்துறைக்கு வந்து சேரும். நீந்தும்போது தண்ணீர் பக்கவாட்டில் தள்ளுவதாக உடம்புக்குத் தெரியாது. தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தால்தான் தெரியும்.

படித்துறை என்பது நாம் போக வேண்டிய தடம். புளியமரம் என்பது மூக்கைக் காட்ட வேண்டிய திசை. விமானிகள் ஹெடிங் என்று சொல்வது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தைக் கண்டுபிடிப்பதுதான் காற்றுத் திருத்தம். வாய்க்காலில் மாமா அதைப் பழக்கத்தில் வைத்திருந்தார். இருபது மீட்டர் வாய்க்காலில் அது போதும். நூறு கிலோமீட்டருக்கு மேல் பறப்பதற்கு டிகிரி வேண்டும்.

நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு மதுரையிலிருந்து திருச்சி. வரைபடத்தில் கோடு போட்டால், மதுரை விமான நிலையத்திலிருந்து திருச்சி விமான நிலையம் உண்மை வடக்கிலிருந்து 33 டிகிரியில் இருக்கிறது. தூரம் 67 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் என்பதால் ஏறத்தாழ 124 கிலோமீட்டர். அந்தக் கோடு யானைமலையை ஒட்டி ஏறி, அழகர்மலையை இடப்பக்கமும் மேலூரை வலப்பக்கமும் விட்டு, கிட்டத்தட்ட எங்கள் வயல்களுக்கு மேலாகவே போகிறது. புத்தகத்தில் இருந்த கணக்குகளில் வந்த ஊர்கள் எதையும் நான் பார்த்ததில்லை. இந்தக் கோட்டில் ஒவ்வொரு கண்மாயும் தெரியும். அதனால்தான் இதை எடுத்தேன்.

பயிற்சி விமானத்தின் வேகம், காற்றுக்குள் அது நகரும் வேகம், 100 நாட், அதாவது மணிக்கு 100 கடல் மைல். காற்று 260 டிகிரியிலிருந்து 25 நாட். ஆடி மாதத்து மேல்காற்றுக்குப் பொருந்தும் எண்கள்.

இப்போது தட்டை எடுக்க வேண்டும். முதலில் 260-ஐ மேலே உள்ள குறிக்கு நேராகச் சுற்ற வேண்டும். நடுத்துளையிலிருந்து நேர் மேலே 25 எண்ணி, மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் காற்று. அடுத்து, போக வேண்டிய தடமான 033-ஐ மேல்குறிக்குச் சுற்ற வேண்டும். தட்டோடு சேர்ந்து புள்ளியும் சுற்றி, நடுத்துளைக்கு இடப்பக்கம் கீழே வந்து நிற்கும். பிறகு அடியில் உள்ள சட்டத்தை நகர்த்தி, புள்ளியை 100 என்ற வளைகோட்டில் உட்கார வைக்க வேண்டும். கையை எடுத்துவிட்டுப் படிக்கலாம். நடுத்துளைக்குக் கீழே தெரியும் வேகம் 115. அதுதான் தரையைப் பொறுத்த வேகம். புள்ளி நிற்கும் விசிறிக் கோடு இடப்பக்கம் பத்தரை டிகிரி. ஆகவே மூக்கை இடப்பக்கம் பத்தரை டிகிரி திருப்பி, இருபத்திரண்டரையில் வைத்தால் விமானம் 33-இல் போகும். நிமிடக் கணக்குக்குத் தட்டைத் திருப்பினால், 67 மைலுக்கு 35 நிமிடம்.

முப்பது விநாடி வேலை. கோணவியல் தெரிந்தவர்கள் சைன் வைத்தும் போடலாம்: காற்று வேகத்தை, காற்றுக்கும் தடத்துக்கும் இடையிலான கோணத்தின் சைனால் பெருக்கி, விமான வேகத்தால் வகுத்தால், திருத்தக் கோணத்தின் சைன் கிடைக்கும். தட்டு அந்தச் சூத்திரத்தை மறைக்கவில்லை. முக்கோணமாக வரைந்தே காட்டுகிறது. சட்டத்தின் அடியிலிருந்து புள்ளி வரைக்கும் ஒரு பக்கம், அது விமானம் காற்றுக்குள் போவது. அடியிலிருந்து நடுத்துளை வரைக்கும் இன்னொரு பக்கம், அது தரைமேல் போவது. துளைக்கும் புள்ளிக்கும் நடுவே மூன்றாவது பக்கம், அது காற்று. மூன்று பக்கமும் கண் முன்னால் கிடக்கின்றன.

சரி, இவ்வளவு எளிதென்றால் நான் எப்படித் தோற்றேன்?

இந்தத் தட்டைப் பயன்படுத்த இரண்டு முறைகள் உண்டு. மேலே சொன்னது ஒன்று: புள்ளியை மேல்நோக்கி வைப்பது. இன்னொன்றில் புள்ளியைத் துளைக்குக் கீழே வைப்பார்கள். பிறகு தடத்துக்குப் பதிலாக மூக்கின் திசையை மேலே கொண்டுவந்து, துளையை விமான வேகத்தில் நிறுத்தி, புள்ளியில் தரை வேகத்தைப் படிப்பார்கள். மூக்கின் திசை முன்கூட்டியே தெரியாது என்பதால் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் சுற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். இரண்டுமே சரியான முறைகள்தான். ஒன்றை சீனியரிடம் கற்றேன், மற்றதைப் புத்தகத்தில் படித்தேன். தேர்வு அறையின் பதற்றத்தில் புள்ளியை ஒரு முறைப்படி கீழே வைத்து, மீதியை மற்ற முறைப்படி செய்தேன். ஒரு கணக்கில் அல்ல, காற்று வந்த எல்லாக் கணக்கிலும். என் விடைகள் நான்கு தெரிவுகளுக்குள் ஒன்றாகவே இருந்தன. அப்படித் தவறு செய்பவர்களுக்காகவே அந்தத் தெரிவை வைத்திருப்பார்கள் போலும். சந்தேகமே வரவில்லை.

இது ஊரில் வந்து உட்கார்ந்த மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நானாகக் கண்டுபிடிக்கவில்லை. மாடியில் திருச்சிக் கணக்கை அதே குழப்பத்தோடு போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா துணி எடுக்க வந்தவர் நின்று பார்த்தார். என்ன செய்கிறேன் என்று கேட்டார். திருச்சிக்குப் போகும் வழியைச் சொன்னேன். மூக்கை வலப்பக்கம் பத்தரை டிகிரி திருப்ப வேண்டும், தரை வேகம் 81 என்றேன்.

"திருச்சி இங்கிருந்து வடகிழக்கு. அந்தப் பக்கம் பார்த்து நின்றால் இந்தக் காற்று உனக்கு எந்தப் பக்கம் தாயி?"

எழுந்து திரும்பி நின்றேன். யானைமலை முதுகுக்குப் பின்னால் வந்தது. மேல்காற்று என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து அடித்தது. முடி வலப்பக்கம் முன்னால் பறந்தது.

"இடது பக்கம்."

"இடது பக்கமிருந்து தள்ளும் காற்றுக்கு நீ ஏன் வலது பக்கம் ஒடிக்கிறாய்? பின்னாலிருந்தும் கொஞ்சம் தள்ளுகிறதே, வேகம் எப்படிக் குறையும்?"

அவ்வளவுதான் கேட்டார். துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். 62 மதிப்பெண்ணும் எப்படி வந்தது என்று அந்த நிமிடத்தில் புரிந்தது.

பிறகு என் தவறு என்னை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். திருத்தமே செய்யாமல் மூக்கை நேராகத் திருச்சிக்குக் காட்டியிருந்தால், திருச்சிக்கு எதிரே போகும்போது பத்தரை மைல் வலப்பக்கம் விலகி, கீரனூருக்கும் செங்கிப்பட்டிக்கும் நடுவே எங்கோ இருப்பேன். நான் செய்த திருத்தமோ காற்றோடு சேர்ந்துகொண்டு அதை இரட்டிப்பாக்கியது. 21 மைல் விலகல். கோட்டை நீட்டிப் பார்த்தால் கந்தர்வகோட்டைப் பக்கம் போய் நிற்கிறது. அங்கே ஓடுதளம் கிடையாது. அதோடு, 35 நிமிடத்தில் கடக்க வேண்டிய தூரத்துக்கு 49 நிமிடம் என்று எழுதி வைத்திருப்பேன். இன்னும் நேரம் இருக்கிறது, ஊர் வரும் வரும் என்று பார்த்தபடியே தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் நுழைந்திருப்பேன்.

இந்த இடத்தில் நம் மொழி எனக்குச் செய்த உதவியைச் சொல்லாமல் போக முடியாது. காற்று 260 என்று வானிலை அறிக்கை சொன்னால், அது 260-லிருந்து வருகிறது என்று பொருள். அந்தப் பக்கம் போகிறது என்றல்ல. புதிதாகப் படிப்பவர்கள் இதில் தடுமாறுவார்கள், நானும் தடுமாறினேன். நம் ஊரில் யாரும் தடுமாற மாட்டார்கள். மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து வருவது. வாடை வடக்கிலிருந்து வருவது. கொண்டல் கிழக்கிலிருந்து வருவது. கடற்கரையில் கச்சான், சோழகம் என்று சொல்வதும் வரும் திசையை வைத்துத்தான். நாம் காற்றுக்கு வைத்த பெயர்களெல்லாம் அது கிளம்பிய இடத்தின் பெயர்கள். அன்று மாலை நோட்டில் ஒரே வரி எழுதினேன்: புள்ளி காற்று வரும் பக்கம். இப்போதும் புள்ளி வைக்கும்போது 260 என்று நினைப்பதில்லை. மேல்காற்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு மேற்குப் பக்கம் வைக்கிறேன். அதன் பிறகு அது தவறியதில்லை.

விலகல் எவ்வளவு என்பதும் அந்த ஆடியில்தான் எனக்குள் இறங்கியது. அதற்குக் காரணம் அப்பத்தா. அவர் இப்போது இல்லை. நெல் அடிக்க மெஷின் வருவதற்கு முன்னால் எங்கள் களத்தில் பொலி தூற்றியவர். தை, மாசியில் அறுப்பு முடிந்து சூடடித்த பிறகு, கீழ்க்காற்றுக்குக் காத்திருப்பார். ஒரு பிடி தூசியை எடுத்து விரலிடுக்கில் விட்டுப் பார்ப்பார். காற்று நின்று வீசுகிறது என்று தெரிந்தால் முக்காலிமேல் ஏறி, சொளகைத் தலைக்கு மேல் பிடித்து, விளிம்பை லேசாகச் சாய்த்து ஒரே சீராக விடுவார். சொளகிலிருந்து விழுவது ஒரே தாரைதான். தரைக்கு வரும்போது மூன்றாகப் பிரிந்துவிடும். திரண்ட நெல் முக்காலிக்குக் கிட்டவே குவியும். கருக்காய் இரண்டடி தள்ளி விழும். பதர் களத்தின் ஓரம் வரை பறக்கும். நாங்கள் பிள்ளைகள் அந்தப் பதருக்குள் நின்று உடம்பெல்லாம் அரிப்பெடுத்துத் திட்டு வாங்குவோம்.

மூன்றுக்கும் அதே காற்றுதான். ஆனாலும் விலகல் வேறு வேறு. வேகமாக விழும் நெல்லைக் காற்று கொஞ்சமே தள்ள முடிகிறது. மெதுவாக இறங்கும் பதரை நிறையத் தள்ளுகிறது. விலகும் கோணத்தைத் தீர்மானிப்பது காற்றின் வேகம் மட்டுமல்ல, காற்றின் வேகத்துக்கும் பொருளின் வேகத்துக்கும் உள்ள விகிதம். திருச்சிக் கணக்கில் அதே 25 நாட் மேல்காற்றை வைத்துக்கொண்டு விமானத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 100 நாட் பயிற்சி விமானத்துக்குப் பத்தரை டிகிரி. 270 நாட் வேகத்தில் போகும் ஏடிஆர் வகைச் சிறு பயணிகள் விமானத்துக்கு நான்கு டிகிரிக்கும் சற்றுக் குறைவு. 450 நாட் ஜெட்டுக்கு இரண்டே கால். ஜெட் திரண்ட நெல்; எங்கள் பயிற்சி விமானம் கருக்காய். சிறிய விமானத்தில் பயில்பவர்களுக்கு இந்தத் தட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றுக்கொடுப்பது வீண் சடங்கு என்று ஒரு தோழி சொன்னாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காற்று அதிகமாக அலைக்கழிப்பது சிறிய விமானத்தைத்தான். அதை ஓட்டுபவருக்குத்தான் இந்தக் கணக்கு மிகவும் தேவை.

விகிதம் புரிந்த பிறகு மனக்கணக்கும் வந்துவிட்டது. அறுபதுக்கு ஒன்று என்று ஒரு விதி: 60 மைல் போகும்போது ஒரு மைல் விலகினால் ஒரு டிகிரி. அதை வைத்து, காற்று முழுவதும் குறுக்கே அடித்தால் அதிகபட்ச விலகல் எவ்வளவு என்று பார்க்கலாம். 25-ஐ 60-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் 15 டிகிரி. நம் காற்று முழுக் குறுக்கு இல்லை, முக்கால் பங்குதான் குறுக்கே வருகிறது. 15-இல் முக்கால், 11. தட்டு சொன்னது பத்தரை. இப்போது தட்டைத் தொடும் முன்பே மனதில் "இடது, பத்து பதினொன்று, வேகம் கூடும்" என்று சொல்லிக்கொள்கிறேன். தட்டு வேறு ஏதாவது சொன்னால் தவறு தட்டில் இல்லை, என் விரலில்.

உரிமம் வாங்கிய பிறகு டேப்லெட்டில் எல்லாம் வருகிறது. காற்றையும் அதுவே எடுத்துக்கொண்டு, கோணத்தையும் நேரத்தையும் ஒரு நொடியில் காட்டுகிறது. அதை நான் மதிக்கிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் படிக்கும் காலத்தில் கையால் புள்ளி வைக்காத ஒருவரிடம் அதைக் கொடுப்பது சரியல்ல என்றுதான் நினைக்கிறேன். 260-க்குப் பதில் 080 என்று தட்டிவிட்டால், டேப்லெட் அதையும் அதே தெளிவோடு கணக்குப் போட்டுத் தரும். எண்ணில் இடமும் இல்லை, வலமும் இல்லை. வட்டத்தட்டில் புள்ளி தவறான பக்கம் நின்றால், காற்று எங்கிருந்து வருகிறது என்று தோளில் உணர்ந்தவளுக்கு அது கண்ணை உறுத்தும்.

திசைகாட்டியைப் பற்றி ஒரு சொல். எழுத்தில் வரும் வானிலை அறிக்கையின் காற்று உண்மை வடக்கைப் பொறுத்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் வாயால் சொல்லும் காற்று காந்த வடக்கைப் பொறுத்தது. நம் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள்தான், அதுவும் மேற்கு. அதனால் மறந்தாலும் தெரியாது. வேறு நாடுகளில் பதினைந்து, இருபது டிகிரி வரும் இடங்கள் உண்டு. மதுரையில் பழகியவர்கள், ஒரு வடக்கிலிருந்து மற்ற வடக்குக்கு மாற்றும் இந்தப் படியை விட்டுவிடும் பழக்கத்தோடு போய்விடக் கூடாது.

அந்த ஆடியில் நான் போட்ட கணக்கு ஐந்நூறுக்குக் குறையாது. தேர்வில் தேறினேன். அதன் பிறகு ஒரு நாள், மேற்கிலிருந்து நல்ல காற்று வீசிய காலையில், தனியாக ஒரு நீண்ட தடத்தில் பறந்தேன். உரிமம் பெற 300 கடல் மைல் தனியாகப் போய், வழியில் இரண்டு இடங்களில் இறங்கி வர வேண்டும். கீழே ஒரு நெடுஞ்சாலை. என் தடம் அதன் மேலேயே இருந்தது. மூக்கு அதிலிருந்து பத்து டிகிரி இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சாலை கண்ணாடியின் நடுவில் இல்லாமல் வலது ஓரத்தில் தெரிந்தது. திருப்பி நேராக்கு என்று கை கேட்டுக்கொண்டே இருந்தது. நான் திருப்பவில்லை. புளியமரத்தைப் பார், புளியமரத்தைப் பார் என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க யாரும் இல்லை. பதினைந்து நிமிடம் கழித்துக் குனிந்து பார்த்தபோது சாலை அதே இடத்தில், எனக்கு நேர் கீழே. அந்த மகிழ்ச்சியை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

எப்போதும் அப்படி வாய்க்காது. முன்கணிப்புக் காற்றும் மேலே கிடைக்கும் காற்றும் ஒன்றாக இருப்பதில்லை. மதுரை–திருச்சித் தடத்தில் விராலிமலை முருகன் குன்று கோட்டுக்கு இடப்பக்கம் இரண்டரை மைல் தள்ளித் தெரிய வேண்டும். அது நேர் கீழே வந்துவிட்டால், 53 மைலில் இரண்டரை மைல் விலகியிருக்கிறேன். மூன்று டிகிரி தவறு. காற்று சொன்ன அளவு இல்லை என்று அர்த்தம். உடனே புள்ளியைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். அதற்கு எச்சில் தொட்ட கட்டைவிரல் போதும்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய மாலை, அப்பாவை உட்கார வைத்துத் திருச்சிக் கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டினேன். போவதற்கு 35 நிமிடம் என்றதும் தலையாட்டினார். திரும்பி வருவதையும் போடச் சொன்னார். தடம் 213. அதை மேலே சுற்றினால் புள்ளி வலப்பக்கம் மேலே ஏறி நிற்கிறது. திருத்தம் வலது பத்தரை, தரை வேகம் 81. நேரம் 49 நிமிடம்.

"காற்றே இல்லையென்றால்?"

"போக 40, வர 40. மொத்தம் 80."

"காற்றோடு 35-ம் 49-ம். 84." கொஞ்ச நேரம் யோசித்தார். "போகும்போது கொடுத்த காற்று வரும்போது பிடுங்குகிறது. அது நியாயம். நாலு நிமிடம் அதிகமாக எங்கே போனது?"

இதை வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. தட்டையும் நோட்டையும் வைத்து இருவரும் தேடினோம். உதவும் காற்றில் நாம் 35 நிமிடம்தான் இருக்கிறோம். எதிர்க்கும் காற்றில் 49 நிமிடம் இருக்கிறோம். கெடுதலுக்குக் கிடைக்கும் நேரம் அதிகம். அதோடு, குறுக்குக் காற்றைச் சமாளிக்க மூக்கை ஒடித்து வைத்திருப்பதால், இரண்டு பக்கமும் நம் சொந்த வேகத்தில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டில் செலவாகிறது. 100-இல் முன்னால் போவது 98 சொச்சம்தான். அது திரும்பி வருவதே இல்லை.

அப்பா டீசல் கணக்குப் பார்த்தே வாழ்ந்தவர். நாலு நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கேட்டார். மணிக்கு முப்பது லிட்டர் குடிக்கும் என்றால் இரண்டு லிட்டர் என்றேன். அது பெரிதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மாடிச் சுவரின் மேல் உட்கார்ந்து, தென்னை மட்டைகள் கிழக்கே வளைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் காற்று கூடினால்? 40 வை."

பழைய புள்ளியைத் துடைத்துவிட்டுப் பென்சிலை அவரிடமே கொடுத்தேன். 260-ஐ மேலே சுற்றிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துளையிலிருந்து மேலே கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, 40-இல் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். போக 33, வர 59. மொத்தம் 92.

"காற்று ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே கூடியது. நட்டம் நாலிலிருந்து பன்னிரண்டாகிவிட்டது" என்றார். பிறகு தட்டை என்னிடம் தராமல், 10, 15, 20 என்று வரிசையாக வைத்துப் பார்க்கத் தொடங்கினார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். வெளிச்சம் போகும் வரை.